பசங்க கார் பழக எவ்வளவு செலவு பண்ணணும்? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல நெறைய பேரு ஒரே விஷயத்த தான் கேட்டிருக்கீங்க, வீட்ல பொண்ணோ பையனோ லைசென்ஸ் எடுக்குற வயசுக்கு வந்தாச்சு, டிரைவிங் ஸ்கூல் ஃபீஸ கேட்டா மலைப்பா இருக்கு, என்ன பண்றதுன்னு. அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். எங்க இருந்து எழுதினாலும் பணத்தோட அளவு தான் மாறுது, குழப்பம் எல்லாருக்கும் ஒண்ணு தான்.

கேள்வி: பொண்ணுக்கு இப்ப தான் லேர்னர்ஸ் லைசென்ஸ் வந்துச்சு. மூணு டிரைவிங் ஸ்கூல்ல விசாரிச்சேன். ஒருத்தர் சொல்ற ஃபீஸ் இன்னொருத்தர் சொல்றதுல பாதி தான் இருக்கு, மூணாவது ஆளு லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் ஒரே பேக்கேஜுங்கறாரு. எதுல சேர்க்குறது?

பதில்: மொத்த ஃபீஸ அப்படியே ஓரமா வச்சுட்டு, உங்க பொண்ணு கையில ஸ்டியரிங் மொத்தம் எத்தனை நிமிஷம் இருக்கும்னு மூணு பேர்கிட்டயும் தனித்தனியா கேளுங்க. அந்த ஒரு கேள்வியிலயே பாதி விஷயம் வெளிய வந்துரும். ஏன்னா ஒரு மணி நேர கிளாஸ்னு சொல்லுவாங்க, ஆனா வண்டியில மூணு பசங்க இருப்பாங்க, ஒருத்தர் ஓட்ட மத்த ரெண்டு பேரும் பின் சீட்ல உக்காந்திருக்கணும், அப்போ உங்க பொண்ணு ஓட்டுறது 20 நிமிஷம் தான். வீட்ல இருந்து கூட்டிட்டு போறதும் திரும்ப விடுறதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளயே அடங்குதான்னும் கேட்டுக்கங்க, அந்த தூரத்தையும் பொண்ணே ஓட்டிட்டு போனா அது கிளாஸ் தான், மாஸ்டர் ஓட்டிட்டு வந்தா அது கிளாஸ் இல்ல.

ஃபீஸ அந்த நிமிஷத்தால வகுத்துப் பாருங்க. 20 நாள் கிளாஸ், நாளைக்கு 20 நிமிஷம்னா மொத்தமே ஆறே முக்கால் மணி நேரத்துக்கும் கம்மி. இன்னொரு இடத்துல 12 கிளாஸ் தான், ஆனா ஒவ்வொண்ணும் முழு ஒரு மணி நேரம், வண்டியில வேற யாரும் கிடையாதுன்னா அது 12 மணி நேரம். பேப்பர்ல பாக்க முதல்ல சொன்னது தான் மலிவா தெரியும், ஆனா கிட்டத்தட்ட பாதி நேரம் தான் உங்களுக்கு கிடைக்குது. பின் சீட்ல உக்காந்து மத்தவங்க ஓட்டுறத பாக்குறதும் ஒரு பாடம்னு சில மாஸ்டருங்க சொல்லுவாங்க, கொஞ்சம் உண்மையும் இருக்கு, ஆனா அதுக்காக ஓட்டுற நேரத்துக்கான ஃபீஸ குடுக்க வேண்டியதில்ல.

அப்புறம் அந்த லைசென்ஸ் வர்ற வரைக்குங்குற பேக்கேஜ். எனக்கு அதுல ஒரு பயம் இருக்கு, சொல்லிடறேன். மாஸ்டருக்கு கிடைக்குற பணம் ஒரே அளவுன்னா, பொண்ண எவ்வளவு சீக்கிரம் டெஸ்ட்டுக்கு அனுப்புறாரோ அவ்வளவு லாபம் அவருக்கு. அதனால டெஸ்ட்ல என்ன கேப்பாங்களோ அத மட்டும், அந்த ரோட்டுல மட்டும், திரும்பத் திரும்ப ஓட்ட வைப்பாங்க. பாஸ் ஆயிடும், ஆனா மழையில ராத்திரி ஒரு தடவ கூட ஓட்டாம லைசென்ஸ் கைக்கு வந்துரும். எல்லாரும் இப்படின்னு சொல்லல, நல்லா பண்றவங்களும் இருக்காங்க, அத கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. எந்தெந்த ரோட்டுல, எந்தெந்த நேரத்துல கூட்டிட்டு போவீங்கன்னு கேளுங்க, டிராஃபிக்ல, ஹைவேயில, இருட்டுல, மேட்டுலன்னு அவரே வரிசையா சொன்னாருன்னா நம்பலாம்.

ஃபீஸுக்கு வெளிய இருக்குறதையும் சேத்து கேட்டுருங்க, இல்லன்னா கடைசில அது தான் கையை கடிக்கும். லைசென்ஸ் ஃபீஸ், டெஸ்ட் ஃபீஸ், டெஸ்ட் அன்னைக்கு ஸ்கூல் வண்டிய எடுத்துட்டு போக தனி வாடகை, ஃபெயில் ஆனா மறுபடியும் அதே வாடகை, கிளாஸ கேன்சல் பண்ணா எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும், சொல்லலன்னா பணம் போயிருமா, எல்லாத்தையும் ரசீதுலயோ மெசேஜ்லயோ எழுதி வாங்கிக்கங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீங்க, ரெண்டு மூணு கிளாஸுக்கு மட்டும் முதல்ல கட்டுங்க. பேசுற விதம் பிடிக்கலன்னா நிம்மதியா வெளிய வரலாம்.

கேள்வி: நான் பல வருஷமா ஓட்டுறேன், வண்டியும் வீட்லயே இருக்கு. என் பையனுக்கு நானே சொல்லிக் குடுத்துட்டா ஸ்கூலுக்கு ஏன் பணம் கட்டணும்? மனைவி ஒத்துக்க மாட்டேங்குறாங்க.

பதில்: உங்க ரெண்டு பேர்கிட்டயும் நியாயம் இருக்கு, அத சமாதானத்துக்காக சொல்லல. உங்க கேள்விக்கு நல்ல பதில் ஸ்வீடன்ல இருக்கு. அங்க லைசென்ஸ் வயசு 18, ஆனா 1993ல பழகுற வயச மட்டும் பதினேழரைல இருந்து 16க்கு இறக்கினாங்க. சீக்கிரமே ஆரம்பிச்ச பசங்க லைசென்ஸ் எடுக்குறதுக்குள்ள சராசரியா 118 மணி நேரம் ஓட்டியிருந்தாங்க, லேட்டா ஆரம்பிச்சவங்க 50 மணி நேரம் கூட தொடல. அதுல பெரும்பகுதி டிரைவிங் ஸ்கூல்ல காசு குடுத்த நேரம் இல்ல, அப்பா அம்மா பக்கத்துல உக்காந்து ஓட்ட வச்ச நேரம். லைசென்ஸுக்கு அப்புறம் பாத்தப்போ அந்த பசங்களோட விபத்து அபாயம் கணிசமா குறைஞ்சிருந்துச்சு.

இதுக்கு எதிர்ப்பக்கமா இன்னொண்ணும் இருக்கு. அமெரிக்காவுல ஜார்ஜியா மாகாணம் டிகால்ப் கவுண்டில 1970கள் கடைசில 16,000க்கு மேல பசங்கள வச்சு பெருசா ஒரு ஆய்வு பண்ணாங்க. சிலருக்கு ரொம்ப விரிவான டிரெய்னிங், சிலருக்கு டெஸ்ட் பாஸ் பண்ற அளவுக்கு, சிலருக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா டிரெய்னிங் எடுத்தவங்க விபத்துல மாட்டுறது நீண்ட நாள்ல பெருசா குறையவே இல்ல. அப்போ கிளாஸ் மட்டும் காப்பாத்தாதுன்னு தெரியுது.

ஏன் இப்படின்னா, புதுசா ஓட்டுற பையனோட மொத்த கவனமும் கிளட்ச்லயும் கியர்லயும் தான் இருக்கும், கண்ணு பேனட்டுக்கு முன்னாடி கொஞ்ச தூரத்த தான் பாக்கும். 50 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிருது, அவன் கண்ணாடிய பாத்துட்டு திரும்புறதுக்குள்ள முன்னாடி இருக்குற வண்டி நின்னிருக்கும். கையும் காலும் தானா வேலை செய்ய ஆரம்பிச்சா தான் கண்ணு தூரத்துக்கு போகும், அது வர்றதுக்கு ஓட்டுற மணி நேரத்த தவிர வேற குறுக்கு வழி கிடையாது. அத்தனை மணி நேரத்தையும் காசு குடுத்து வாங்க எந்த சாதாரண குடும்பத்தாலயும் முடியாது. அதனால அளவுக்கு நீங்க, தரத்துக்கு மாஸ்டர்னு பிரிச்சுக்கங்க.

மனைவி சொல்றதும் ஏன் சரின்னா, ஸ்கூல் வண்டியில மாஸ்டர் காலுக்கு கீழ ஒரு பிரேக் இருக்கும், உங்க வண்டியில இருக்காது. முதல் சில மணி நேரத்துல தான் பசங்க பிரேக்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிப்பாங்க, அந்த நேரம் அந்த ரெண்டாவது பிரேக் இருக்குற வண்டியில நடக்கட்டும். அதோட பல வருஷமா ஓட்டுறவங்களுக்கு கை பழகின சில விஷயம் இருக்கும், ஒத்தக் கையில ஸ்டியரிங், இண்டிகேட்டர் போடாம லேன் மாறுறது, கிளட்ச் மேலயே கால வச்சிருக்குறது. உங்களுக்கே தெரியாம அது பையனுக்கு போயிரும், அத டெஸ்ட் அன்னைக்கு ஆபீசர் தான் கண்டுபிடிப்பாரு.

அதனால நான் சொல்ற வரிசை என்னன்னா, முதல்ல கொஞ்சம் கிளாஸ் மாஸ்டர்கிட்ட, வண்டிய எடுக்க, நிறுத்த, திருப்ப பயமில்லாம வர்ற வரைக்கும். அப்புறம் வாரத்துக்கு ஒரு கிளாஸ் மட்டும் வச்சுக்கிட்டு மீதி நாள் உங்க கூட. கிளாஸ் முடிஞ்சதும் மாஸ்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் நின்னு, இந்த வாரம் என்ன பழகணும்னு கேட்டு அத மட்டும் பண்ணுங்க. கடைசில டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு கிளாஸ். ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்துல 25 வயசுக்கு கீழ உள்ளவங்க 120 மணி நேரம் ஓட்டி லாக்புக்ல எழுதணும், அதுல 20 மணி நேரம் ராத்திரி. அங்கயும் மாஸ்டர்கிட்ட ஓட்டுற ஒரு மணி நேரத்த மூணு மணி நேரமா எழுதிக்கலாம், ஆனா அந்த சலுகை 10 மணி நேர கிளாஸுக்கு மட்டும் தான். மாஸ்டரோட மதிப்பையும் ஒத்துக்கிட்டு, மீதிய வீட்டுக்கு விட்டுட்டாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு அது.

பையன உங்க வண்டியில உக்கார வைக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துருங்க. பழகுறவங்க ஓட்டும்போது ஏதாவது ஆச்சுன்னா உங்க இன்சூரன்ஸ் பணம் குடுக்குமா, பக்கத்துல உக்கார உங்களுக்கு சட்டப்படி தகுதி இருக்கான்னு. வண்டியில கத்தாதீங்க சார். தப்பு பண்ணா ஓரமா நிறுத்தச் சொல்லிட்டு அப்புறம் பேசுங்க, ஓடுற வண்டியில திட்டு வாங்குற பையன் ரோட்ட பாக்க மாட்டான், உங்க மூஞ்ச தான் பாப்பான்.

கேள்வி: எனக்கு 17 வயசு. வீட்ல பணம் கஷ்டம், 10 கிளாஸுக்கு மேல முடியாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. வீட்ல காரும் இல்ல. 10 கிளாஸ்ல கத்துக்க முடியுமா?

பதில்: தம்பி, நேராவே சொல்றேன், 10 மணி நேரத்துல வண்டிய நகத்த கத்துக்கலாம், முழுசா ஓட்ட வர்றது கஷ்டம். பிரிட்டன்ல டெஸ்ட் நடத்துற அரசு அமைப்பே சராசரியா 45 மணி நேர கிளாஸும் 22 மணி நேர பிராக்டிஸும் தேவைப்படுதுன்னு சொல்லுது. இத பாத்து மனச விட்டுறாத, சராசரின்னா அதுக்கு கம்மியா எடுத்துக்கிட்டவங்களும் இருக்காங்க. ஆனா லைசென்ஸ் அவசரமா வேணும்னு ஒண்ணும் இல்லன்னா, கொஞ்சம் பணம் சேர்ற வரைக்கும் தள்ளிப் போடு. 10 கிளாஸ இப்ப முடிச்சுட்டு ஆறு மாசம் வண்டிய தொடாம இருந்தா பாதி மறந்துரும், அந்த பணம் அப்படியே வீணா போகும். சேர்த்து வச்சுட்டு விடாம தொடர்ந்து பண்ணா அதே பணத்துக்கு ரெண்டு மடங்கு பலன்.

அதுவரைக்கும் காசே இல்லாம பண்ணக்கூடியது நெறைய இருக்கு. ரோடு விதிகள், போர்டுகள், யாருக்கு முதல்ல வழி விடணுங்குறது எல்லாத்தையும் முழுசா படிச்சுரு, இத மாஸ்டர் வண்டியில உக்காந்து கேட்டா அந்த நிமிஷத்துக்கும் உங்க அப்பா தான் பணம் குடுக்குறாரு. பஸ்லயோ யாரோட வண்டியிலயோ முன்னாடி உக்கார இடம் கிடைச்சா போன பாக்காத, ரோட்ட பாரு. அந்த சைக்கிள்காரர் உள்ள வருவாரா, அந்த நிக்கிற வண்டியோட கதவு திறக்குமா, அந்த சந்துல இருந்து யாராவது ஓடி வருவாங்களான்னு மனசுக்குள்ள முன்கூட்டியே சொல்லிப் பழகு. ஓட்டுறதுல கஷ்டமானது இது தான், கியர் போடுறது இல்ல. ஒவ்வொரு கிளாஸ் முடிஞ்சதும் என்ன வரல, ஏன் வரலன்னு நோட்டுல எழுதி வை, அடுத்த கிளாஸ்ல அதுல இருந்து ஆரம்பிக்கச் சொல்லி நீயே மாஸ்டர்கிட்ட கேளு. கேக்குற பையனுக்கு அவங்களும் மனசு வச்சு சொல்லிக் குடுப்பாங்க.

ஒண்ணே ஒண்ணு, லைசென்ஸ் இல்லாம ஃப்ரெண்டோட வண்டிய எடுத்து பழகலாம்னு மட்டும் போகாத தம்பி. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் வராது, உங்க அப்பா அந்த கடன கட்டி முடிக்கவே வருஷக்கணக்கா ஆகும், அடிபட்டவங்க குடும்பத்த நெனச்சுப் பாரு.

கேள்வி: ஆட்டோமேட்டிக்ல பழகினா கிளாஸ் கம்மியா போதும்னு சொல்றாங்களே, செலவு குறையுமா?

பதில்: கிளட்ச் இல்லாததால பொதுவா கொஞ்சம் சீக்கிரம் வரும், ஆனா சில இடத்துல ஆட்டோமேட்டிக் கிளாஸுக்கு மணிக்கு ஃபீஸ் கூட வாங்குறாங்க, அதையும் கணக்குல வைங்க. பிரிட்டன் மாதிரி சில நாட்டுல ஆட்டோமேட்டிக்ல டெஸ்ட் எடுத்தா கியர் வண்டிய ஓட்ட முடியாது, மறுபடியும் டெஸ்ட் எழுதணும். வீட்ல இருக்குற வண்டி எதுவோ அதுல பழகுங்க.

கேள்வி: எனக்கு 18 வயசு, காலேஜ் படிக்குறேன். முழு ஃபீஸும் கட்டியாச்சு. ஆனா மாஸ்டர் ரொம்ப திட்டுறாரு, கியர் மாத்தும்போது என் கை மேல கைய வைக்குறாரு, வேணாம்னு சொன்னா அப்படித் தான் சொல்லிக் குடுக்க முடியுங்குறாரு. அம்மாகிட்ட சொன்னா பணம் போச்சேன்னு வருத்தப்படுவாங்கன்னு சொல்லாம இருக்கேன். இன்னும் பாதி கிளாஸ் பாக்கி.

பதில்: இத எழுதினதுக்கு நன்றி மா. அடுத்த கிளாஸுக்கு அவர் கூட போக வேணாம். பணம் போனா போகுது, அது ரெண்டாவது. இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிரு, நீ பயந்து பயந்து அந்த வண்டியில உக்காந்திருந்தன்னு அப்புறமா தெரிஞ்சா தான் அவங்க உடைஞ்சு போவாங்க.

ஆபத்து வரும்போது மாஸ்டர் ஸ்டியரிங்க பிடிச்சு திருப்புறது நடக்கும், அது ஒரு நொடி, அது வேற. கியர் மாத்தும்போதெல்லாம் கை மேல கை வைக்க எந்த அவசியமும் இல்ல, வாயால சொல்லியே குடுக்கலாம், அவர் கையால ஒரு தடவ போட்டுக் காட்டலாம். நீ வேணாம்னு சொன்ன அப்புறமும் வச்சா அது பாடம் இல்ல. தப்பு உன் மேல துளி கூட கிடையாது.

என்னைக்கு என்ன நடந்துச்சு, என்ன சொன்னாருன்னு தேதி போட்டு எழுதி வை. அம்மாவோ அப்பாவோ கூட வரட்டும், ஸ்கூல் ஓனர்கிட்ட எழுத்துல குடுங்க, வேற மாஸ்டர், முடிஞ்சா பெண் மாஸ்டர் வேணும், இல்லன்னா பாக்கி கிளாஸுக்கான பணத்த திருப்பிக் குடுங்கன்னு கேளுங்க. கண்டுக்கலன்னா அந்த ஸ்கூலுக்கு அனுமதி குடுக்குற போக்குவரத்து ஆபீஸ்ல புகார் குடுக்கலாம், போலீஸுக்கும் போகலாம். உனக்கு அப்புறம் அந்த சீட்ல இன்னொரு பொண்ணு உக்காருவா, அதனாலயும் விட்டுறாதீங்க.

மத்த பெத்தவங்களுக்கும் இங்கயே சொல்லிக்கிறேன், முழுப் பணத்தையும் கட்டினதால தான் இந்த பொண்ணு வாயத் திறக்கல. திட்டு மட்டும்னாலும் இதே தான். திட்டு வாங்கி வாங்கி கை நடுங்குற பிள்ளைக்கு கிளாஸ் கூடிக்கிட்டே தான் போகும், அதுக்கும் நீங்க தான் பணம் கட்டணும். கிளாஸ் முடிஞ்சு வரும்போது பிள்ளை முகத்த பாருங்க, இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

கேள்வி: ஒரே வாரத்துல முடிச்சுத் தர்ற கோர்ஸ் ஒண்ணு இருக்கு, வழுக்குற ரோட்டுல எப்படி ஓட்டுறதுங்குற ஸ்பெஷல் டிரெய்னிங்கும் சேத்து தர்றாங்க. கொஞ்சம் கூட செலவானாலும் பையனுக்கு பாதுகாப்பு தானே?

பதில்: ஏற்கனவே ஓரளவு ஓட்டத் தெரிஞ்சு டெஸ்ட் தேதி கிட்ட வந்துட்டவங்களுக்கு ஒரு வார கோர்ஸ் உதவும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வேணாம். நாளைக்கு அஞ்சு மணி நேரம் ஓட்டினா கடைசி ரெண்டு மணி நேரம் மண்டையில எதுவும் ஏறாது, அதோட ஒரு வாரத்துல ஒரே மாதிரி வானிலை, ஒரே மாதிரி ரோடு தான் பாக்க முடியும்.

அந்த ஸ்பெஷல் டிரெய்னிங் பத்தி கவனமா கேளுங்க. நார்வேயில 1979ல இருந்து புது டிரைவருங்களுக்கு வழுக்குற ரோட்டு பயிற்சிய கட்டாயமாக்கினாங்க. பின்னாடி ஆராய்ஞ்சு பாத்தா, இளம் ஆண்கள்கிட்ட வழுக்குற ரோட்டு விபத்து குறையாம கூடியிருந்துச்சு. வழுக்கினா சமாளிச்சுக்கலாங்குற தைரியம் வந்து வேகத்த குறைக்காம போனது தான் காரணம்னு சொல்றாங்க. வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் போட்டு நிக்குற தூரம் நாலு மடங்காகுது, அத எந்த ஸ்பெஷல் டிரெய்னிங்காலயும் மாத்த முடியாது. அந்த பணத்துக்கு மழை நாள்ல ரெண்டு, இருட்டுல ரெண்டுன்னு சாதாரண கிளாஸே கூட வாங்கிக் குடுங்க.

கேள்வி: பொண்ணு டெஸ்ட்ல ஒரு தடவ ஃபெயில். மறுபடியும் கிளாஸ் எடுக்கணுமா, இல்ல டெஸ்ட் ஃபீஸ மட்டும் கட்டி திரும்ப அனுப்பலாமா?

பதில்: பிரிட்டன்ல டெஸ்ட் எடுக்குறவங்கள்ல பாதிக்கும் கொஞ்சம் மேலயே ஃபெயில் ஆகுறாங்க, அதனால இத ஒரு குறையா பேசி பொண்ண சங்கடப்படுத்தாதீங்க. ஃபெயில் ஆன காரணத்த ஆபீசர்கிட்ட கேட்டு வாங்குங்க. ரிவர்ஸ்லயோ பார்க்கிங்லயோ பதட்டத்துல இடிச்சான்னா வீட்டு வண்டியில காலி இடத்துல பழகினாலே போதும். கண்ணாடி பாக்காம திரும்பினா, வழி விடல, சிக்னல்ல தடுமாறினான்னு வந்தா அது ஓட்டுன நேரம் பத்தாதுன்னு அர்த்தம், ரெண்டு மூணு கிளாஸ் அதுக்குன்னே எடுத்துட்டு அனுப்புங்க. டெஸ்ட் ஃபீஸ், வண்டி வாடகை, லீவு போட்ட நாள் எல்லாம் கூட்டிப் பாத்தா அந்த ரெண்டு மூணு கிளாஸே மலிவு.

பாஸ் ஆன உடனே தனியா நீண்ட தூரம் அனுப்பிறாதீங்க. தனியா ஓட்ட ஆரம்பிக்குற முதல் சில மாசம் தான் ரொம்ப ஆபத்தான காலம், அதுலயும் ராத்திரி நேரமும் கூட வயசுப் பசங்க உக்காந்திருக்குறதும் சேர்ந்தா அபாயம் இன்னும் கூடுது. நியூசிலாந்து 1987லயே இதுக்காக லைசென்ஸ படிப்படியா குடுக்க ஆரம்பிச்சுது, தனியா ஓட்ட விடுற முதல் கட்டத்துல ராத்திரி தனியா ஓட்டக்கூடாது, ஃப்ரெண்ட்ஸ ஏத்தக்கூடாதுன்னு. உங்க இடத்துல அந்த சட்டம் இல்லன்னாலும் வீட்ல அந்த விதிய நீங்களே போட்டுக்கலாம், அதுக்கு ஒரு பைசா செலவில்ல. கிளாஸுக்குன்னு ஒதுக்கின பணத்துல கொஞ்சம் மிச்சம் இருந்தா, லைசென்ஸ் வந்து ஒரு மாசம் கழிச்சு அதே மாஸ்டர பொண்ணு கூட ஒரு மணி நேரம் உக்காரச் சொல்லுங்க, அந்த ஒரு மாசத்துல கைக்கு வந்த தப்புங்கள அவர் அங்கயே திருத்திருவாரு.